இடம்பெயர்ந்த பிள்ளையும் வகுப்பறையும்

மன்னார்த் தீவின் மேலைக் கோடியாகிய தலைமன்னாரில் நின்று நோக்குவார்க்கு எதிரே கடலும், அதன்கண் இடையிடையே தோன்றும் மணற்றிட்டைகளுமே புலனாகும். அத்திட்டைகளுக்கு அப்பாலுள்ளது தனுஷ்கோடி. இடைப்பட்ட தூரம் சுமார் 30 கிலோமீற்றர். இக்கடலை வணிகர் கடந்தனர், யாத்திரிகர் கடந்தனர். 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திற் செய்யப்பட்ட சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கையின் பின், மலைநாட்டிலே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பங்கள் தாம் கண்டறியாத ஊர்களுக்குத் தலைமன்னார் இறங்குதுறையினின்றே கப்பலேறின. 1983 தொடக்கம் போருக்கு அஞ்சிய குடும்பங்கள் இரவோடிரவாகப் படகேறின.

சென்றோர் தொகையும் வந்தோர் தொகையும் ஏடுகளிற் பதியப்பட்டுள்ளன. தாயின் மடியிலே படகிற் கிடந்த பிள்ளையின் உள்ளத்தில் என்ன பதிந்தது என்பதை எந்த ஏடும் கூறாது. ஆயினும் அப்பிள்ளை என்றோ ஒருநாட் காலையில் ஒரு பாடசாலையின் வாயிலில் வந்து நிற்கும். அங்ஙனம் வந்து நிற்கும் பிள்ளையை ஆசிரியர் ஏற்கும் முறை யாது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருளாகும். வெள்ளி, பொன் விழாக் காலங்களிலே கல்லூரிகள் தம் பரீட்சைப் பெறுபேறுகளையும் விளையாட்டு வெற்றிகளையும் எண்ணி மகிழ்தல் முறையே. அவற்றோடு, அடைக்கலம் நாடி வந்த பிள்ளைகளை நாம் எவ்வாறு வைத்துக்கொண்டோம் என்னும் கணக்கையும் ஒருமுறை பார்த்தல் தகும்.

பொருளின் விளக்கம்

இக்காலத்தார் 'உளசமூக ஆதரவு' என்று ஒரு தொடரை வழங்குகின்றனர். உளம் என்பது நினைவும் உணர்ச்சியும் நடத்தையும் ஆகும். சமூகம் என்பது குடும்பமும், அயலும், பாடசாலையும், ஊர் வழக்கமும் ஆகும். இவை கொடியும் பந்தரும் போல்வன. பந்தர் சாய்ந்தபின் கொடியின் வேரில் மாத்திரம் நீர் வார்த்தாற் போதாது. பந்தரையும் நிமிர்த்தல் வேண்டும். ஆதலின் துன்புற்ற பிள்ளைக்கு ஆறுதல் கூறுதல் இவ்வாதரவின் ஒரு கூறேயாகும். அப்பிள்ளை சாய்ந்து நிற்கத்தக்க மனிதரையும் இடத்தையும் நாளொழுங்கையும் மீட்டுக் கொடுப்பதே அதன் பெரும்பகுதி.

இஃது இரக்கத்தின்பாற்பட்டது மாத்திரமன்று, கடமையுமாம். 1989இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றதும், 1991இல் இலங்கை உறுதிசெய்ததுமான சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 39ஆம் உறுப்புரை, போரினாலும் கொடுமையினாலும் தாக்குண்ட பிள்ளை உடலாலும் உள்ளத்தாலும் மீண்டெழுவதற்கும், சமூகத்தோடு மீளச் சேர்வதற்கும் ஆவன செய்தல் அரசின் பொறுப்பு என விதிக்கின்றது. அப்பொறுப்பு நாடோறும் நிறைவேறவேண்டிய இடங்களுள் முதன்மையானது வகுப்பறை.

எம் கரை கண்டவை

1990 யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபோது மாவட்டத்து மக்கள் பல்லாயிரவர் வீடிழந்தனர். அக்காலத்தில் அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் உயர்ஸ்தானிகராலயம் பேசாலையிலும் மடுவிலும் திறந்த நிவாரண நிலையங்களை அமைத்தது. பலர் கடல் கடந்து இராமநாதபுர மாவட்டத்து மண்டபம் முகாமை அடைந்தனர். அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியில் வடபகுதி முஸ்லிம் மக்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். எருக்கலம்பிட்டி முதலாய ஊர்களின் பிள்ளைகள் பெற்றோரோடு படகேறிக் கற்பிட்டிக் கரையிலும் புத்தளத்திலும் இறங்கினர். தமிழ்ப் பிள்ளையின் துயரை எழுதி, இம்முஸ்லிம் பிள்ளையின் துயரை விட்டுவிடுதல் ஆசிரியனுக்கு அழகன்று. இருவரும் ஒரே மொழியிலே அழுத பிள்ளைகள்.

1999 நவம்பர் 20ஆம் நாள், மடுத் திருத்தலத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோர்மீது எறிகணை வீழ்ந்து சிறுவர் உட்படப் பலர் மாண்டனர். 2006 யூன் மாதத்தில், மக்கள் தஞ்சம் புகுந்திருந்த பேசாலை ஆலயமும் தாக்கப்பட்டது. 2008இல் மாந்தை மேற்கு மக்கள் இடத்துக்கு இடம் பெயர்ந்து கிழக்கு நோக்கிச் சென்றனர். 2009இல் உயிர்தப்பியோர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமிலே சேர்ந்தனர். போர் முடிந்தபின் வன்னியிலிருந்தும், புத்தளத்திலிருந்தும், தமிழ்நாட்டு முகாம்களிலிருந்தும் குடும்பங்கள் திரும்பின. அலைவு அத்துடன் ஓயவில்லை. 2022இற் பொருளாதாரம் சரிந்தபோது மார்ச்சு மாதந் தொடக்கம் எம் கரையிலிருந்து குழந்தைகளோடு மீண்டும் படகுகள் அரிச்சல்முனையை நாடின. 2025 நவம்பர் இறுதியில் வந்த 'டித்வா' புயலின் வெள்ளம் எம் மாவட்டத்தையும் தாக்கிக் குடும்பங்களை வீடு விட்டு நீங்கச் செய்தது.

இன்று எம் வகுப்பிலிருக்கும் பிள்ளைகளுட் பெரும்பாலோர் போரைக் கண்ணாற் கண்டவரல்லர். ஆனால் அவர்தம் தாய் தந்தையர் கண்டவர்கள். ஆதலின் இப்பொருள் பழங்கதை ஆகிவிடவில்லை.

அறிஞர் உணர்த்தியவை

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அன்னா பிராய்ட், டொரதி பேர்லிங்கம் என்னும் இரு பெண்மணிகள் இலண்டனிலே போர்க்காலக் குழந்தைகளுக்கான இல்லங்களை நடத்தினர். குண்டுவீச்சைக் கண்ட குழந்தைகள், தாயுடன் இருந்தவரை பெரும்பாலும் நிலைகலங்கவில்லை என்பதையும், தாயைப் பிரிந்த குழந்தைகளே மிகக் கலங்கினர் என்பதையும் அவர்கள் நாடோறும் குறித்துவைத்தனர். குண்டின் ஓசையினும் தெரிந்த முகம் மறைதல் பிள்ளைக்குக் கொடிது என்பது அக்குறிப்புக்களால் விளங்கும்.

யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்கள் போரின் நடுவே பணியாற்றி, எம் மக்களின் உளநலம் பற்றி விரிவாக எழுதியவர். போர் தனியாளின் உள்ளத்தை மாத்திரமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் காயப்படுத்துகின்றது என்பதை அவர் 'கூட்டு மனவடு' என்னுங் கருத்தால் விளக்கினார். மருத்துவர் ஒருசிலரே உள்ள நாட்டில், ஆசிரியருக்கும் ஊர்ப் பணியாளருக்கும் பயிற்சியளித்தாலன்றி இக்காயத்தை ஆற்றவியலாது எனக் கண்டு, அத்தகைய பயிற்சிகளிலும் அவர் ஈடுபட்டார். 1996இல் மட்டக்களப்பிலே தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, தமிழ்ச் சிறுவரையும் முஸ்லிம் சிறுவரையும் ஒருங்கு கூட்டி, களிமண்ணும் வண்ணமும் கதையும் விளையாட்டுமே கருவியாகக் கொண்டு இவ்வழியில் உழைத்தது.

போர் நிகழ்ந்த நாடுகளில் வாழ்வோருள் ஐவரில் ஒருவர் ஏதேனும் ஓர் உளநோய்க்கு ஆளாகியுள்ளனர் என 2019இல் உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. இக்கணக்கைப் பார்ப்போர் அந்த ஒருவரைக் கண்டு அஞ்சுவர். ஏனைய நால்வரையும் நோக்குதல் ஆசிரியரின் கடன். அந்நால்வர் கலங்குவர், அழுவர், உறக்கம் கெடுவர். எனினும் வேண்டிய ஆதரவு கிடைப்பின் மருந்தின்றியே மீள்வர்.

2007இல் ஐக்கிய நாடுகள் அமைப்புக்களும் ஏனைய நிறுவனங்களும் கூடி வெளியிட்ட வழிகாட்டியும் இதனையே நான்கு படிகளாக வகுத்துரைக்கின்றது. அடிப்படி உணவும் உறையுளும் பாதுகாப்பும், இரண்டாவது குடும்பமும் சமூகமும் பாடசாலையும் தரும் துணை, மூன்றாவது பயிற்சி பெற்றோர் தனித்து அளிக்கும் துணை, மேற்படி உளமருத்துவம். முதலிரு படிகள் யாவர்க்கும் வேண்டுவன. மேற்படி சிலர்க்கே வேண்டுவது. எம் இடம் இரண்டாம் படி என்பதை உணர்ந்தால், 'நாம் மருத்துவர் அல்லமே, என் செய்வோம்' என்னும் ஏக்கம் நீங்கும்.

எம் அநுபவம் இரண்டு

நூற்கருத்துக்களை இதுவரை கூறினோம். இனி எம் வாழ்விலே கண்ட இரண்டைக் கூறுவோம். முன்னது எமக்குச் செய்யப்பட்ட நன்மை. பின்னது நாம் செய்த பிழை.

1990இல் எமக்கு அகவை எட்டு. இரவிலே படகேறினோம். அழுகுரல் எழலாகாது எனப் படகோட்டி கண்டித்திருந்தார். அன்னையார் தம் சேலைத் தலைப்பால் எம் கையையும் தங்கையின் கையையும் சேர்த்துக் கட்டியிருந்தார். மண்டபம் முகாமை அடைந்த பின்னரும் பல வாரங்கள் நாம் வாய்விட்டுப் பேசவில்லை. எம்மைச் சேர்த்த பாடசாலையின் ஆசிரியை, "என்ன நடந்தது?" என்று ஒருநாளும் கேட்டாரல்லர். வேப்பமரத்திலே தொங்கிய தண்டவாளத் துண்டில் மணியடிக்கும் வேலையை எம்மிடம் ஒப்படைத்தார். நாடோறும் உரிய நேரத்தில் எம்மைப் பார்த்துத் தலையசைப்பார். நாம் சென்று அடிப்போம். ஒருநாள் கையில் நிலக்கடலையை வைத்துக்கொண்டு, "இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர், தம்பி?" என்றார். "கச்சான்" என்றோம். வகுப்பிலே நாம் சொன்ன முதற் சொல் அதுவே. அவர் கரும்பலகையில் 'கடலை' என எழுதி, அதன் அருகே 'கச்சான்' எனவும் எழுதினார். பிள்ளைகள் எவரும் நகைக்கவில்லை. அன்றுதொட்டுப் பலகையின் ஓரத்தில் நாளொரு சொல்லாக எம் ஊர்ச் சொற்கள் ஏறின.

இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்தன. நாம் ஆசிரியப் பயிற்சி முடித்துச் சான்றிதழுடன் ஒரு பாடசாலையிலே தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தோம். தமிழ்நாட்டு முகாமொன்றிலே பிறந்து பெற்றோருடன் திரும்பிய சிறுவன் ஒருவன் ஏழாந் தரத்திற் சேர்ந்தான். எம் பிள்ளைகள் ஆசிரியரைச் 'சேர்' என்பர். அவன் 'சார்' என்பான். அதற்கே வகுப்பு நகைத்தது, நாமும் முறுவலித்தோம். ஒருநாள் 'எனது ஊர்' என்னும் பொருளிற் கட்டுரை வரையப் பணித்தோம். அவன் வெற்றுத் தாளை நீட்டினான். "சொந்த ஊரைப் பற்றி நான்கு வரி எழுத இயலாதவனுக்குத் தமிழ் எதற்கு?" என்று வகுப்பு முழுதுங் கேட்கக் கடிந்தோம். மறுநாள் அவன் வரவில்லை. அடுத்த மூன்று நாட்களும் வரவில்லை.

ஐந்தாம் நாள் மாலை அவன் வீட்டைத் தேடிச் சென்றோம். உறவினர் காணியிலே தகரக் கொட்டகை. பெற்றோர் கூலி வேலைக்குச் சென்றிருந்தனர். பாட்டியார் பாயை விரித்து எம்மை இருத்திவிட்டுக் கூறினார்: "அவன் முகாமில பிறந்த பிள்ளை, சேர். இஞ்ச வந்து ஆறு மாதந்தான். எந்த ஊரெண்டு எழுதுவான்?"

எமக்கு மறுமொழி தோன்றவில்லை. திரும்பும் வழியிலேதான் மண்டபத்து ஆசிரியையின் நினைவு வந்தது. தாம் பெற்ற நன்மையை மறந்தவன் அதே நிலையிலுள்ள மற்றொருவனை எவ்வளவு எளிதிற் காயப்படுத்துகின்றான்!

மறுநாள் அவன் வந்தான். வகுப்பின் முன் நின்று, பிழை எம்முடையதே எனக் கூறினோம். பொருளை மாற்றி, 'எனக்கு நன்கு தெரிந்த ஒரு வழி' என எழுதச் சொன்னோம். அவன் முகாமின் தண்ணீர்க் குழாயிலிருந்து தன் வீட்டுக் கதவு வரையுள்ள வழியை எழுதினான்: எந்தத் திருப்பத்தில் நாய் படுத்திருக்கும், எந்த வீட்டுப் பாட்டி குடத்தை இறக்கிவைக்க உதவி கேட்பாள், மழை நாளில் எங்கே சேறு நிற்கும் என்றெல்லாம் இரண்டு பக்கம் நிறைத்தான். அன்று எம் கரும்பலகையின் ஓரத்திலும் இரண்டு நிரைகள் வரையப்பட்டன.

வகுப்பறையிற் செய்யத்தக்கவை

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அறிஞர் கருத்துக்களையும் ஒருங்கு நோக்கி, எம்மால் இயலக்கூடிய சிலவற்றைத் தொகுத்துக் கூறுவோம்.

முதலாவது, நாளொழுங்கு. வீடு திடீரென அழிந்ததைக் கண்ட பிள்ளை எந்நேரமும் அடுத்த அழிவை எதிர்பார்த்திருக்கும். குறித்த நேரத்தில் மணியடித்து, குறித்த பாடம் தொடங்கி, குறித்த நேரத்தில் முடியுமாயின், அவ்வொழுங்கே அதற்கு ஆறுதலாகும். நேரசூசியை மாற்றவேண்டின் முன்னரே அறிவித்தல் நன்று.

இரண்டாவது, ஒரு சிறு பொறுப்பு. உதவி பெறுவதற்கே பிறந்தவன் என்னும் எண்ணம் அகதிப் பிள்ளையை வாட்டும். வெண்கட்டி எடுத்துவருதல், பூச்செடிக்கு நீர் வார்த்தல், வரவேட்டைக் கொண்டுசெல்லல் ஆகிய எதுவாயினும், தன்னாலும் ஒருவருக்குப் பயனுண்டு என்று அது உணரவேண்டும்.

மூன்றாவது, வற்புறுத்தி வினவாமை. துயரக் கதையைச் சொல்லிவிட்டாற் பாரம் இறங்கும் என எண்ணி, 2004ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின் சிறுவரைக் கூட்டிவைத்துக் கதை கேட்டோரும் உண்டு. ஒரே அமர்வில் நடந்ததை எல்லாம் சொல்லவைக்கும் முறை நன்மை தருவதில்லை. சிலவேளை தீங்குந் தரும் என இன்று வழிகாட்டிகள் விலக்குகின்றன. பிள்ளை தானே சொல்லத் தொடங்கின் இடைமறியாது கேட்கவேண்டும். சொல்லாதாயின் அருகில் இருந்தாற் போதும்.

நான்காவது, விளையாட்டும் கலையும். கிளித்தட்டும், களிமண்ணும், படமும், நாடகமும் பொழுதுபோக்கென ஒதுக்கத்தக்கன அல்ல. வாயாற் கூறவியலாததைப் பிள்ளை கையாற் கூறும். பிள்ளை உலங்குவானூர்தியையே திரும்பத் திரும்ப வரையின் தாளைப் பறித்தல் ஆகாது, "இதன் கீழே யார் யார் இருக்கின்றனர்?" என மெல்லக் கேட்டு, அவர்க்கு ஒரு வீட்டையும் வரையச் சொல்லலாம்.

ஐந்தாவது, தவறிய கல்வி. அலைந்து திரிந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளை எட்டு வயதுப் பிள்ளையின் வாசிப்பு நிலையில் இருத்தல் கூடும். அது மந்தபுத்தி அன்று. நாளொன்றுக்கு அரைமணி நேரம், பிறர் காணாவண்ணம் கற்பிப்பின் ஒரு தவணையிலேயே வேறுபாடு தெரியும். முகாமிலிருந்து திரும்பியோர்க்குச் சிங்களப் பாடம் புதிது என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

ஆறாவது, அச்சுறுத்தாமை. பாடசாலைகளில் உடற்றண்டனை கூடாதெனக் கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றறிக்கை விடுத்தது. கைக்கு எட்டிய தடியை விலக்கினோம், நாவை விலக்கினோமா? மேசைமீது அடிமட்டத்தை ஓங்கி அடிக்கும் ஓசையே சில பிள்ளைகளை நடுங்கச் செய்யும். பலர்முன் கூறும் ஏளனச் சொல் அதனினும் நெடுநாள் நிற்கும் என்பதை நாம் அநுபவத்தால் அறிவோம்.

ஏழாவது, வீட்டை அறிதல். தந்தை காணாமற்போன வீட்டிலே, இறந்தார் எனக் கிரியை செய்யவும் இயலாது. வருவார் என நம்பி வாழவும் இயலாது. அவ்வீட்டுப் பிள்ளையிடம் படிவத்தை நீட்டித் தந்தையின் தொழில் யாதெனப் பலர்முன் வினவுதல் கொடுமை. வீடு சென்று பத்து நிமிடம் இருந்து வருவோமாயின் இத்தகைய பிழைகளுட் பல நேரா.

எம் எல்லை

எல்லாம் எம்மால் ஆகும் என எண்ணுதலும் பிழை. பல வாரங்கள் கடந்தும் உறக்கமும் உணவும் கெட்டிருத்தல், எவரோடும் பேசாதிருத்தல், காரணமின்றி மயங்கி விழுதல், தன்னைத் தான் காயப்படுத்தல், சாதலைப் பற்றிப் பேசுதல் என்பன காணப்படின், காலம் தாழ்த்தாது பெற்றோரோடு பேசி, உளவளத்துணை ஆசிரியர் வாயிலாகவேனும் நேராகவேனும் வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடவேண்டும். பிள்ளை கொடுமைக்கு ஆளாகின்றது என ஐயுறின், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்னும் தொலைபேசி இலக்கம் உண்டு. பிள்ளை எம்மை நம்பிக் கூறியதை ஆசிரியர் அறையிலே கதையாக்காதிருத்தலும் இவ்வெல்லையுள் அடங்கும்.

ஆசிரியரும் மனிதரே. எம்முட் பலர் தாமும் இடம்பெயர்ந்தோர். பிள்ளையின் துயரைக் கேட்குங்கால் தம் துயர் கிளர்தல் இயல்பு. அதனை மறைத்துத் தனியே சுமவாது, நம்பத்தக்க ஒரு சக ஆசிரியரோடு பகிர்ந்துகொள்ளல் இழுக்காகாது.

முடிவுரை

பழைய மாணவர்களாகிய உங்களிடத்தே ஒன்று கேட்போம். விழாக் காலத்திலே மண்டபமும் வாயில் வளைவும் கட்டித்தர முன்வருகின்றீர்கள், நன்று. கச்சேரியிற் பணிபுரிந்தோரும் சட்டம் அறிந்தோரும் உங்களுட் பலர். முகாமிலிருந்து திரும்பிய பிள்ளைக்குப் பிறப்புப் பதிவும் குடியுரிமைப் பத்திரமும் பெற்றுக் கொடுத்தல் ஒரு கட்டடத்துக்குக் குறைந்த பணியன்று. அவை இன்மையாற் பரீட்சை விண்ணப்பப் படிவத்தின் முன் விழித்து நிற்கும் பிள்ளைகளை நாம் கண்டுள்ளோம். பேருந்துக் கட்டணம் இன்மையால் வாரத்தில் இரண்டு நாள் வராத பிள்ளையையும் கண்டுள்ளோம். இவற்றுள் ஒன்றை ஒருவர் ஏற்பின் ஒரு பிள்ளை நிலைபெறும்.

மாணவர்களே, உங்கள் வகுப்பிலே புதியவன் ஒருவன் வேறுவிதமாகப் பேசுவானாயின், அவன் சொல்லைக் கேட்டு எழுதிவையுங்கள். தமிழ் அதனாற் குறைவுறாது. ஒரு சொல்லாற் பெருகும்.

வெற்றுத் தாளை நீட்டிய அச்சிறுவன் இன்று இளைஞராகி எம் கரையிலே கடற்றொழில் செய்கின்றார். சந்தையிலோ வீதியிலோ எதிர்ப்படும்போதெல்லாம் துவிச்சக்கரவண்டியை நிறுத்தி இறங்கி நிற்பார். இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னரும் எம்மைச் 'சார்' என்றே அழைக்கின்றார். நாம் அதனைத் திருத்துவதில்லை.